சோறு அடிப்பிடித்த புத்தகங்கள்

அரூர் கடைவீதியில் அப்துல் சுபானின் பழைய பேப்பர் கடைக்குள் ஒரு புத்தகம் வந்து விழுந்தால், முதலில் போவது அதன் மானம். அதாவது அட்டை. அட்டையைத் தனியே, தாளைத் தனியே பிரிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. அட்டை சேலத்துக்கு, செருப்புப் பெட்டி செய்கிறவர்களிடம் போகும். தாள் உள்ளூரிலேயே புளி மண்டிக்கும் கடலைக் கடைக்கும் போகும்.

பிரிக்கிற வேலை சுபானின் மனைவி ஹாஜிராவுடையது. ஒரு கை முதுகில், ஒரு கை அட்டையில், ஒரே இழுப்பு. பசையில் ஒட்டிக்கொண்டு முன்னால் பத்துப் பதினாறு பக்கமும் பின்னால் பத்துப் பதினாறு பக்கமும் அட்டையோடேயே வந்துவிடும். நூலின் பெயர், எழுதியவர் பெயர், அவர் வாங்கிய பட்டங்கள், முன்னுரை கொடுத்த பெரிய மனிதர், அவருக்கும் முன்னால் வாழ்த்துப்பா பாடிய அதைவிடப் பெரிய மனிதர் எல்லோரும் கூட்டமாகச் செருப்புப் பெட்டிக்குப் போய்ச் சேருவார்கள். நடுவில் மிச்சம் இருப்பதை ஹாஜிரா படிப்பாள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். எது படிக்கத் தக்கது, எது தகாதது என்று அவளுக்குச் சொல்லித்தர யாரும் இல்லாமல் போனது அவளுடைய அதிர்ஷ்டம். ஆட்டுக்கு வரும் நோய்கள் பற்றிய புத்தகத்தைப் படித்த கையோடு பர்மாவிலிருந்து நடந்தே வந்தவனின் கதையைப் படித்தாள். கிணறு வெட்ட இடம் பார்ப்பது, கிரகணம் எப்படிப் பிடிக்கிறது, பிரசவம் பார்ப்பது, பெண்ணைக் கடத்திப்போன வில்லனைத் துப்பறிவது என்று சாக்கில் எது கைக்கு வந்ததோ அது அன்றைக்கு. கடைக்குப் பின்னாலேயே அடுப்பு. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தாளை எடுப்பாள். சோறு அடிப்பிடித்துவிட்டால் அது நல்ல புத்தகம். குழைந்துபோனால் பரவாயில்லை ரகம். பதமாக வெந்திருந்தால் அந்தப் புத்தகம் அன்றைக்கே புளி மண்டிக்கு.

சுபான் படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் மத்தியானம் முதல் கவளத்தை வாயில் வைத்ததும், "இன்னிக்கு நல்ல சரக்கு வந்துருக்குதாட்டம் இருக்குதே" என்பார். ஊரில் வேறு யாருடைய நாக்குக்கும் அவ்வளவு இலக்கியப் பயிற்சி கிடையாது.

இப்படிப் படித்ததில் ஹாஜிராவுக்கு ஒரே ஒரு தீராத குறை இருந்தது. வேதவல்லி. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு நாவலில் அவள் இருந்தாள். புருஷன் வீட்டைவிட்டு இரண்டு பித்தளைக் குடங்களோடு வெளியேறி, தனியாக ஒரு ஊரில் குடியேறி, தறி போட்டுப் பிழைத்து, மழை பெய்யும் ஒரு மாலையில் யாரோ கதவைத் தட்ட, எழுந்து போனாள். முந்நூற்று நாலாம் பக்கத்தின் கடைசி வரி இது: 'வேதவல்லி கதவைத் திறந்தாள். அங்கே'.

அவ்வளவுதான். அங்கே யார் என்பது செருப்புப் பெட்டிக்குப் போய்விட்டது. புத்தகத்தின் பெயரும் தெரியாது. பக்கத்தின் தலையில் அத்தியாய எண் மட்டும்தான் அச்சாகியிருந்தது. அன்றைக்குச் சோறு கரியாகி, பானையே ஓட்டையாயிற்று. நாலு வருஷமாக ஹாஜிரா உறங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கதவை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். ஒரு நாள் அங்கே தறிக்கு நூல் கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். ஒரு நாள் தபால்காரன். ஒரு நாள் வெறும் மழை.

இது இப்படி இருக்க, அதே கடைவீதியின் மறுகோடியில் 'நல்நூல் வாசகர் மன்றம்' இருந்தது. அதன் தலைவர் ஓய்வு பெற்ற டிப்டி தாசில்தார் ராஜாமணி. மன்றம் தொடங்கியபோது தேக்கில் ஐந்து தட்டு வைத்த கண்ணாடி அலமாரி ஒன்றைச் செய்வித்தார். தட்டுக்கு ஆறடி. பிறகு சேலத்துக்கு எழுதினார்: முப்பது அடிக்கு நல்ல புத்தகங்கள் வேண்டும், முதுகில் தங்க எழுத்து இருப்பது உத்தமம். வந்தன. அடுக்கினார்கள். பூட்டினார்கள். சாவி ராஜாமணியின் பூணூலில் தொங்கியது என்று ஊரில் சொல்வார்கள். அவருக்குப் பூணூலே கிடையாது, அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது.

மன்றத்துக்கு இன்னும் மூன்று தூண்கள் உண்டு. புளி மண்டி பெரியண்ணன், வைத்தியர் காளியப்பன், வக்கீல் குமாஸ்தா மாதப்பன். நாலு பேரும் தினம் சாயங்காலம் அலமாரியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரில் யாருக்கும் வாசிப்புப் பழக்கமே இல்லை என்று வருத்தப்படுவார்கள். இருட்டியதும் வருத்தம் தீர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் மன்றத்தின் மூன்றாம் ஆண்டு விழா வந்தது. தருமபுரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை தாங்க ஒப்புக்கொண்டார். மாவட்ட அளவில் ஏதோ ஒரு குழு அமைக்கப்போகிறார்கள், அதில் ஒரு இடம் காலி என்று ராஜாமணிக்குக் காற்றுவாக்கில் சேதி வந்திருந்தது. உடனே 'துறைதோறும் நல்ல நூல்: தேர்ந்தெடுத்த நூறு' என்ற பட்டியலை வெளியிடுவதாக அறிவித்தார். பட்டியல் ஒரே மாலையில் தயாராகிவிட்டது. அலமாரியைத் திறக்கக்கூட இல்லை. மாதப்பன் கண்ணாடி வழியாக முதுகுகளைப் படிக்கப் படிக்க, ராஜாமணி கண்ணை மூடி, "ம், போடு" என்றார். அல்லது, "இது வேண்டாம், ஒல்லியா இருக்குது" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்து கெடுத்தது. மகிழ்ச்சி, பாராட்டு எல்லாம் எழுதிவிட்டு, 'ஒவ்வொரு நூலும் ஏன் நல்ல நூல் என்று நான்கு வரி சேர்த்தால் பொதுமக்களுக்குப் பயன்படும்' என்று கடைசியில் ஒரு வாக்கியம்.

நாலு தூண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன.

"படிச்சாத்தானுங்க எழுத முடியும்" என்றார் காளியப்பன், யாரோ இறந்த சேதியைச் சொல்வதுபோல.

"இருபது நாளுதான் இருக்குது. நூறு புஸ்தகம்" என்றார் மாதப்பன்.

பெரியண்ணன் தலையைச் சொறிந்தார். "நம்ம சுபான் பாய் வூட்டம்மா இருக்குதுல்லீங்க? போன மாசம் பொட்டலம் மடிக்கத் தாள் வாங்கப் போன ஆளைத் திருப்பி அனுப்பிச்சிருச்சு. ‘இதுல புளி மடிக்காதீங்க, நான் இன்னும் முடிக்கல’ன்னு. அது படிக்காத ரகப் புஸ்தகமே இல்லைன்னு பாய் சொல்றாரு."

"பேப்பர் கடையா?" என்று ராஜாமணி முகத்தைச் சுளித்தார். மறுநாள் காலையிலேயே போனார்.

"வாங்கய்யா, வாங்க. என்னாங்க, பழைய கெஜட் எதும் போடணுங்களா?" என்று சுபான் தராசைத் துடைத்தார்.

ராஜாமணி பேப்பர் கட்டின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, பொது நலம், அறிவு வளர்ச்சி, தமிழர் கடமை என்று மூன்று படி இறங்கி விஷயத்துக்கு வந்தார். சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் அட்டை கிழியும் சத்தம் நின்றது.

"நூறு புஸ்தகந்தானுங்களே? சொல்றேன்" என்றாள் ஹாஜிரா. "ஆனா எனக்குப் பேரு தெரியாதுங்க. யாரு எழுதுனதுன்னும் தெரியாது. உள்ளாற என்ன இருக்குதுன்னுதான் தெரியும்."

ராஜாமணிக்கு உள்ளம் குளிர்ந்தது. "அது போதும்மா. பேரு, எழுதுனவரு, அச்சாபீசு எல்லாம் என்கிட்ட இருக்குது. உள்ள இருக்கறது மட்டுந்தான்..." என்று ஆரம்பித்தவர், இருமி நிறுத்திக்கொண்டார்.

"அப்டின்னா அந்த அலமாரியத் தொறந்து வுடுங்க. நான் புரட்டிப் பாத்து, இதுதான் அது, அதுதான் இதுன்னு சொல்லிடறேன். எனக்கும் அதுல ஒண்ணு தேட வேண்டியது இருக்குதுங்க."

"அலமாரியா?" ராஜாமணியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. "அது முடியாதும்மா. விதி ஏழு. மகளிரைச் சேர்ப்பது பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும்னு இருக்குது."

"அப்ப நானும் பின்னர் சொல்றனுங்க" என்றாள் ஹாஜிரா. அட்டை கிழியும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.

சுபான் கூரையைப் பார்த்தார். ராஜாமணி தராசைப் பார்த்தார். நாலு அட்டை கிழிந்தது. ஐந்தாவதில் இறங்கி வந்தார். விழா நல்லபடியாக முடிந்தால் மறுநாளே அவள் மன்றத்தின் முதல் மகளிர் உறுப்பினர்; அலமாரி அவளுக்குத் திறக்கும். "எழுதிக் குடுங்க" என்றாள். கெஜட் தாளின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் கையெழுத்துப் போட்ட எதையும் அவர் நினைவில் வைத்துக்கொண்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

பத்து நாள், நாளுக்குப் பத்து. அவள் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள், அவர் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதினார்.

"ஆட்டுப் புஸ்தகம் ஒண்ணுங்க. அதப் படிச்சுட்டுத்தான் எங்க பக்கத்து வூட்டுத் தீர்த்தம்மா ஆடு ரெண்டு பொழைச்சுது. வாய்ப்புண்ணுக்கு என்ன பண்ணணும்னு சின்னப்புள்ளைக்குச் சொல்றாப்புல சொல்லிருப்பாங்க. சோறு அடிப்புடிச்சுருச்சு."

ராஜாமணி எழுதினார்: 'உயிர்களைக் காக்கும் ஒப்பற்ற நூல். உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும்.'

"பர்மாக்காரன் நடந்து வந்தது. காலு வீங்கிப் போயி, ஒரு டப்பாப் பாலை ஏழு பேரு குடிச்சாங்க. ஒரு எடத்துலயும் அழுவலைங்க அவன். படிக்கற நாமதான் அழுவணும்."

'பயணத்தின் பயன் உணர்த்தும் பனுவல்.'

"துப்பறியற கதை. கடைசிப் பக்கம் இல்லீங்க. ஆனா கொன்னது டாக்டரு. இருபதாம் பக்கத்துலயே கையக் கழுவிக்கிட்டே இருக்கறான்."

'நீதி வெல்லும்.'

"ஒண்ணு எலக்கணம். அதுல சோறு பதமா வெந்துச்சுங்க."

"அதையும் சேர்த்துக்கலாம். மரியாதையா இருக்கும்" என்றார் ராஜாமணி.

வேதவல்லியைப் பற்றி மட்டும் அவள் அரைமணி நேரம் சொன்னாள். குடம், தறி, மழை, கதவு. சொல்லி முடித்துவிட்டு, "அங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? விழா முடியட்டும்" என்றார் ராஜாமணி.

பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து தன் பங்குக்கு உழைத்தார். இடது பக்கம் அவருடைய நூறு பெயர்கள். வலது பக்கம் அவளுடைய நூறு உள்ளடக்கங்கள். பொருத்த வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல அந்தஸ்துப் பார்த்துப் பொருத்தினார். பெரிய பட்டம் உள்ள ஆசிரியருக்குப் பெரிய வரிகள். தடித்த புத்தகத்துக்கு நீண்ட வரிகள். ஆட்டு வைத்தியம் ஒரு புலவர் பெருமானின் காப்பியத்துக்குப் போயிற்று. 'வறண்ட வாய்க்கால்' என்ற நூல் வேளாண்மைத் துறையில் அமர்ந்து, கிணற்றுக்கு ஊற்றுப் பார்க்கும் வரிகளைப் பெற்றது. எல்லாவற்றிலும் நீளமான வேதவல்லியை எல்லாவற்றிலும் கனமான நூலுக்கு, தங்க எழுத்து மின்னும் 'மனையறத் திரட்டு'க்குக் கொடுத்தார். எழுதியவர் ஒரு ராவ்பகதூர். வரிசை எண் ஒன்று.

விழா பெரியண்ணனின் புளிக் கிடங்கில் நடந்தது. அந்த வருஷத்துப் புளி முழுக்க ஒரு பக்கம் அடுக்கியிருந்ததால் உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வாயில் நீர் ஊறியது. அதிகாரி அடிக்கடி எச்சில் விழுங்கியதை ராஜாமணி அறிவுப் பசி என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடி அலமாரியை வண்டியில் ஏற்றி வந்து மேடையிலேயே நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். ஹாஜிரா கெஜட் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, தீர்த்தம்மாளோடு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

மாதப்பன் பட்டியலைப் படிக்க எழுந்தார். "எண் ஒன்று. மனையறத் திரட்டு. கணவன் இல்லத்தைத் துறந்து இரு குடங்களுடன் புறப்படும் வேதவல்லி என்னும் நங்கையின் நெடும் பயணம்..."

ஹாஜிரா சட்டென்று தீர்த்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுதாங்க்கா. அதுதான் பேரு. முழுசா இங்கயே இருக்குது பாரு, அந்த அலமாரிக்குள்ளாற."

"...மழை பொழியும் மாலையில் கதவு தட்டப்படுகிறது. வேதவல்லி கதவைத் திறந்தாள். அங்கே!" மாதப்பன் தாளைத் திருப்பினார். "எண் இரண்டு."

"இருங்க, இருங்க" என்றார் அதிகாரி. அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அங்க யாரு?"

கிடங்கே திரும்பி ராஜாமணியைப் பார்த்தது.

"அதைப் படித்து அறிவதே இன்பம்" என்றார் ராஜாமணி.

"நீங்க படிச்சிருக்கீங்கல்ல, சொல்லுங்களேன்."

"பல முறை படித்திருக்கிறேன். அதனால்தான் சொல்ல மனம் வரவில்லை."

"சரி, புத்தகத்தை எடுங்க. கடைசிப் பக்கத்தை நானே எல்லாருக்கும் படிச்சுக் காட்டறேன்."

அரைஞாணிலிருந்து சாவி வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூட்டு அதைவிடச் சண்டித்தனம் செய்தது. கடைசியில் மனையறத் திரட்டு வெளியே வந்தது. அதிகாரி பின்பக்கம் திறக்கப் பார்த்தார்; திறக்கவில்லை. அச்சகத்தில் மடித்த தாள்கள் மடித்தபடியே இருந்தன. ஓரங்களை யாரும் வெட்டவே இல்லை. பல முறை படிக்கப்பட்ட அந்தப் புத்தகத்துக்குள் ஒரு எறும்புகூட நுழைந்திருக்க முடியாது.

"பத்திரமாகப் படிப்பது எங்கள் மன்றத்தின் வழக்கம்" என்றார் ராஜாமணி. பெரியண்ணன் ஓடிப்போய்ப் புளி கொட்டை எடுக்கும் கத்தியைக் கொண்டுவந்தார். கத்தியில் ஒட்டியிருந்த புளி ராவ்பகதூரின் ஓரங்களில் ஈஷிக்கொண்டது. மடிப்பு பிரிந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் ஹாஜிரா முழங்காலில் எழுந்து நின்றாள்.

அதிகாரி கணீரென்று படித்தார்: "‘எண்ணெய் தேய்த்து முழுகிய நாளில் கணவன் பகலில் கண்ணயராதவாறு, மனைவியானவள் அருகிருந்து விழிப்புடன் காத்தல் வேண்டும். முற்றிற்று.’"

அப்போது மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பாதி சிரிப்பு, மீதி என்னவென்று பக்கத்திலிருந்த தீர்த்தம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

"யாரும்மா அது?"

"அய்யா, அது அந்தப் பொம்பளை கதை இல்லீங்க" என்றாள் ஹாஜிரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ குடத்தத் தூக்கிட்டு வெளிய வந்ததே இந்த மாதிரி காத்தல் வேண்டாம்னுதானுங்க."

"பேப்பர் கடையம்மா" என்று ராஜாமணி அதிகாரியின் காதில் சொன்னார். சத்தமாக, "முடிவு பூடகமானது. எல்லோருக்கும் எட்டாது" என்றார்.

அதிகாரி கடைசி வரியை மறுபடி ஒரு தடவை மனசுக்குள் படித்தார். எனக்கும் எட்டவில்லை என்று சொன்ன அதிகாரி யாரும் இதுவரை எங்கும் பதவியில் நீடித்ததில்லை. "ஆழமான முடிவு" என்றார். "நுட்பம். விழிப்பு! அதுதான் செய்தி." கைதட்டினார். கிடங்கே தட்டியது. காளியப்பன் எழுந்து நின்று தட்டினார். வேதவல்லி இருந்திருந்தால் குடத்தைப் போட்டுத் தட்டியிருப்பாள்.

மறுநாள் காலை ஹாஜிரா கெஜட் தாளோடு மன்றத்து வாசலில் நின்றாள்.

"விதி ஏழை மாத்தணும்னா பொதுக்குழு கூடணும்மா" என்றார் ராஜாமணி.

"அது எப்பங்க கூடும்?"

"தலைவர் கூட்டறப்ப."

"தலைவரு நீங்கதானுங்களே?"

"அதனாலதான் அவசரப்படக் கூடாதுங்கறேன்."

அவள் திரும்பி வந்து அன்றைக்கு வந்த பழைய சட்டப் புத்தகங்களை எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் கிழித்தாள்.

மூன்று மாதத்தில் ராஜாமணி மாவட்டக் குழுவில் உறுப்பினரானார். அரூரில் பாராட்டு விழா, அதியமான்கோட்டையில் பாராட்டு விழா, சித்தேரி மலையில்கூட ஒரு பாராட்டு விழா. அங்கே பஸ் ஏறிவந்த களைப்புக்காகவே தனியாக ஒரு மாலை போட்டார்கள். கேடயங்களும் கண்ணாடி போட்ட வாழ்த்து மடல்களும் குவிந்தன. வைக்க நல்ல இடம் வேண்டுமே? ஊரில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. ஐந்து தட்டையும் அடைத்துக்கொண்டு முப்பது அடிக்கு ஏதோ இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாதப்பன் கைவண்டியோடு பேப்பர் கடை வாசலில் வந்து நின்றார். "பாய், எடை போட்டுக்கங்க. எடம் அடைக்குதுன்னு தலைவரு சொல்லிட்டாரு."

சுபான் வண்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "ஏய், இங்க வந்து பாரு. உன்னை உறுப்பினராச் சேத்துக்கிட்டாங்க" என்றார்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் ஒரு புது விதி வந்தது: இந்த முப்பது அடிக்கு மட்டும் அட்டையைக் கிழிக்கக் கூடாது. ஹாஜிரா ஒவ்வொன்றாக மடிப்பை அறுத்துப் படித்தாள். தங்க எழுத்தில் முக்கால்வாசிக்குச் சோறு பதமாகவே வெந்தது. அந்த மாசம் சுபானின் உடம்பு தேறிவிட்டது. இடையிடையே அடிப்பிடித்த நாள்களும் உண்டு. ஒரு தடவை மீன் பிடிக்கிற வலைகளைப் பற்றிய புத்தகம், ஒரு தடவை யாரும் கேள்விப்படாத ஒருவரின் ஜெயில் நினைவுகள், ராஜாமணி ஒல்லியாக இருக்கிறது என்று ஒதுக்கிய ஒரு கவிதைப் புத்தகம்.

'வறண்ட வாய்க்கா'லை அவள் நீர்ப்பாசனம் என்று நினைத்து ரொம்ப நாள் ஒதுக்கியே வைத்திருந்தாள். பட்டியலில் வேளாண்மைத் துறை என்று போட்டிருந்ததே. ஒரு நாள் கைக்கு வேறு ஒன்றும் அகப்படாமல் மடிப்பை அறுத்தாள். நாற்பதாம் பக்கத்தில் இரண்டு பித்தளைக் குடங்கள் இருந்தன.

முந்நூற்று நாலாம் பக்கத்துக்கு வந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. திருப்பினாள்.

'அங்கே அவள் கணவன் நின்றிருந்தான். அவன் வாய் திறக்குமுன் வேதவல்லி அவன் பாதங்களில் விழுந்து, "சுவாமி, ‘உன்னை மன்னித்தேன்’ என்று ஒரு சொல் சொல்லுங்கள்" எனக் கதறினாள்.' இன்னும் ஆறு பக்கம் கதறினாள். தறியை விற்றார்கள். குடங்களை அவன் தூக்கிக்கொண்டான். அந்தத் தாராளத்தை ஆசிரியர் ஒரு பக்கம் புகழ்ந்திருந்தார். முற்றும்.

ஹாஜிரா அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாலரை வருஷம். பக்கத்து வீட்டுக்காரி, தபால்காரன், வெறும் மழை.

பிறகு ஒரு கை முதுகில், ஒரு கை அட்டையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து, பின்னட்டையை மட்டும் இழுத்தாள். பழகின கை; கடைசி எட்டுப் பக்கமும் சுத்தமாக அட்டையோடு வந்தன. மிச்சத்தைத் தலையணைக்கடியில் வைத்தாள். அது இப்போது முழுப் புத்தகம். எட்டுப் பக்கத்தைப் பிரித்துப் பெரியண்ணன் மண்டிக்குப் போகிற கட்டின் மேல் வைத்துவிட்டு, எழுந்துபோய் நிதானமாகச் சோற்றை வடித்தாள்.

மத்தியானம் சுபான் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். முகத்தில் கவலை படர்ந்தது.

"என்னா இது, பூ மாதிரி வெந்துருக்குது?" என்றார். "புஸ்தகம் சரியில்லையா?"